நீலகிரியில் காரைத் தாழ்த்தியவர்களுக்கு: வீல் அலைன்மென்டும் டயர் தேய்மானமும், படிப்படியாக

ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்திய பலர் அன்றைக்கே ஒரு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை) போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். நாலைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முன் டயரின் உள்விளிம்பில் கம்பி தெரிய ஆரம்பிக்கிறது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரியே இருக்கும். உள்பக்கம் கண்ணில் படாது. மழையில் குன்னூர் இறக்கம் இறங்கும்போது அந்த டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை புதிதாகத் தாழ்த்தப் போகிறவர்களுக்கும், தாழ்த்திவிட்டு டயர் போகிறதே என்று தவிக்கிறவர்களுக்கும். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக உள்ள தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ, சிட்டி எல்லாம் இந்த வகைதான்.

மூன்று சொற்களை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியை நேர் முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன்பக்கமும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். ஸ்டியரிங் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்கையில் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். நம் வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் காஸ்டரைத் திருப்பி வைக்க வசதி இல்லை, சரிபார்க்க மட்டுமே முடியும்.

1. எவ்வளவு இறக்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மலைக்கு 25 முதல் 30 மி.மீ. போதும். அதற்கு மேல் போகாதீர்கள். இது அழகு பற்றிய கருத்து இல்லை, லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் நடுப்பகுதியோடு கீழே இணைக்கும் கை) சாய்வு பற்றிய விஷயம்.

கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் நடுவிலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்திருக்கும். அப்படி இருக்கும்வரை, வளைவில் வண்டி சாய்ந்து ஸ்பிரிங் அமுங்கும்போது வெளிச் சக்கரம் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் பெறும். டயர் தரையில் தட்டையாகப் பதிய அது உதவும். 50 மி.மீ. இறக்கினால் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சரிந்துவிடும். அதன்பிறகு ஸ்பிரிங் அமுங்க அமுங்கக் கேம்பர் பாசிட்டிவ் பக்கம் திரும்பத் தொடங்கும். அதாவது நேர்ச்சாலையில் உள்விளிம்பு தேயும், கொண்டை ஊசி வளைவில் வெளித்தோள் (டயரின் வெளிவிளிம்பு) தேயும். ஒரே டயர் இரண்டு பக்கமும் போகும், நடுவில் மட்டும் ரப்பர் மிச்சம் இருக்கும்.

இன்னொன்று, பம்ப் ஸ்டாப், அதாவது ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தாங்கும் ரப்பர் கட்டை. நாலு பேர், டிக்கி நிறைய சாமான், இறக்கத்தில் பிரேக்: மூன்றும் சேர்ந்தால் முன்பக்கம் முழுக்க அமுங்கும். அதிகம் தாழ்த்திய வண்டி அங்கே பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் ஸ்பிரிங்கே இல்லாத வண்டி மாதிரி முன்பக்கம் வெளியே நழுவும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசிகளில் இதைச் சோதித்துப் பார்க்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வெட்டிய முனை ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நகரும், இடதும் வலதும் ஒரே உயரத்துக்கு வராது. உயரம் சமமில்லாத வண்டிக்கு எந்த அலைன்மென்டும் நிற்காது.

2. காகிதங்களை முதலிலேயே சரிசெய்யுங்கள்

இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. அதனால் ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே, எந்த பிராண்டு, எத்தனை மி.மீ. இறக்கம் என்று எழுதிக்கொண்டு உங்கள் பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே கேட்டுவிடுங்கள். நீலகிரி வண்டி என்றால் ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் பத்திரமாக வையுங்கள். திரும்ப மாட்டச் சொன்னால் ஒரே நாளில் மாட்டிவிடலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதித் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் பிரச்சினை இல்ல சார்" என்று சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது. புது வண்டியாக இருந்தால் சஸ்பென்ஷனுக்கான கம்பெனி வாரன்டி போகும் என்ற கணக்கோடுதான் இறங்க வேண்டும்.

ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

- ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்
- ஸ்பிரிங், போல்ட், புஷ் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை) ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. பில்
- வேலை செய்த கடையின் லேபர் பில்
- தாழ்த்துவதற்கு முன் எடுத்த அலைன்மென்ட் பிரிண்ட் (மெஷின் அச்சிட்டுத் தரும் அளவுத்தாள்)
- பின் எடுத்த ஒவ்வொரு பிரிண்டும், கிலோமீட்டர் குறிப்போடு
- டயர் பில்லும் வாரன்டி அட்டையும்

தாழ்த்துவதற்கு முன் எடுக்கும் பிரிண்ட்தான் இதில் முக்கியமானது. பலர் எடுப்பதே இல்லை. வண்டி முதலில் எப்படி இருந்தது என்று தெரியாமல் போனால், பின்னால் வரும் கோளாறு ஸ்பிரிங்கால் வந்ததா, முன்பே வளைந்திருந்த ஆர்மால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. டயர் கம்பெனிகளும் அலைன்மென்ட் கோளாறால் வந்த ஒருபக்கத் தேய்மானத்துக்கு வாரன்டி தருவதில்லை. கேட்டுப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

3. வேலையை எங்கே, எப்போது செய்வது

ஸ்பிரிங் மாட்டும் இடமும் அலைன்மென்ட் செய்யும் இடமும் ஒன்றாகவோ, சில கிலோமீட்டருக்குள்ளோ இருக்கட்டும். மேலே ஊட்டியில் மாட்டிவிட்டு அலைன்மென்டுக்கு மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்குவது தவறான வரிசை. டோ கெட்டுப்போன வண்டியில் முழு மலைப்பாதையையும் இறங்குகிறீர்கள். அந்த ஒரு இறக்கத்திலேயே புது டயரின் விளிம்பு சொரசொரப்பாகிவிடும். கீழே போய் இரண்டையும் முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது மெஷினின் பிராண்டு இல்லை, தரை. அலைன்மென்ட் மேடை நான்கு சக்கரத்துக்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மலைச்சரிவில் கட்டிய சில கடைகளில் இதுதான் குறை. முன் சக்கரத்துக்குக் கீழே உள்ள டர்ன்டேபிளை, அதாவது சுழல்தட்டை, கையால் தள்ளிப் பாருங்கள். துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் அங்கே எடுக்கும் கேம்பர் அளவை நம்பாதீர்கள். கடைசியாக எப்போது காலிபரேஷன் செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல கடைக்காரர் தேதியோடு சொல்வார்.

நேரக் கணக்கு: ஸ்பிரிங் மாட்ட முக்கால் நாள், அலைன்மென்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களையும் வார இறுதியையும் தவிருங்கள். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்குவது வழக்கம். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். டி.என். 43 தவிர்த்த பதிவெண் வைத்திருப்பவர்கள் திரும்ப ஏறுவதற்கு இ-பாஸை (நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி) முன்கூட்டியே எடுத்து வையுங்கள். 2024 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

4. மாட்டும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள்

முதலில், வண்டி சமதரையில் நிற்கும்போது நான்கு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். மாட்டிய பிறகும் அதே இடத்தில் அளக்க வேண்டும். இடது, வலது வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் ஸ்பிரிங்கின் முனை தட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயத்தை எழுத்துப் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளையும் பின் பீம் போல்ட்டுகளையும் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கக் கூடாது. அந்தப் புஷ்கள் ரப்பரும் இரும்பும் ஒட்டிய வகை. அவை சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி இறங்கி நின்றதுமே ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். உயரம் சரியான இடத்துக்கு வராது, சில மாதத்தில் ரப்பர் கிழியும், அலைன்மென்ட் தானாக ஓடும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது, பிட் மேலோ நான்கு தூண் லிஃப்ட் மேலோ நிறுத்தி, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் மெக்கானிக்குகள் தவறாமல் தாண்டிப் போகும் படி இது. மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் மேல் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் தலையை பாடியோடு பிணைக்கும் ரப்பர் பாகம்), அதன் பேரிங், டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப் நான்கையும் கையில் வாங்கிப் பாருங்கள். வண்டி 40,000 கி.மீ. தாண்டியிருந்தால் மவுன்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது லாபம். மறுபடி கழற்றினால் லேபர் இரட்டிப்பாகும், இன்னொரு அலைன்மென்டும் வேண்டியிருக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதன் மேல் புது ஸ்பிரிங் போடாதீர்கள். இறுக்கமான ஸ்பிரிங்கைத் தளர்ந்த ஷாக் அடக்காது. டயர் துள்ளித் துள்ளிக் குழி குழியாகத் தேயும்.

சில பழைய வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த ஒரு கம்பி, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். வண்டியைத் தாழ்த்தியதும் அது பாரம் ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். ஈர இறக்கத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். உங்கள் வண்டியில் அது இருந்தால் புது உயரத்துக்கு ஏற்றபடி செட் செய்யாமல் வெளியே எடுக்காதீர்கள்.

கடைசியாக, ஒரு முன் சக்கரத்தை ஆறு அங்குலக் கட்டை மேல் ஏற்றி ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். டயர், மட்கார்டின் உள் லைனரிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கொண்டை ஊசியில் சரியாக இந்த நிலைதான் வரும்.

5. முதல் அலைன்மென்ட்: அன்றைக்கே

தாழ்த்தும்போது கேம்பர், டோ இரண்டும் மாறும். 30 மி.மீ. இறக்கத்துக்குக் கேம்பர் ஏறக்குறைய அரை டிகிரி நெகட்டிவ் பக்கம் போகும். இது வண்டிக்கு வண்டி மாறும். டோ மாறுவதற்குக் காரணம், டை ராடும் (ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) லோயர் ஆர்மும் வேறு வேறு வட்டத்தில் நகர்கின்றன. உயரம் மாறியதும் டை ராட் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது. ஸ்டியரிங் ரேக் அச்சுக்குப் பின்னால் இருக்கும் நம் வண்டிகளில் இது பெரும்பாலும் டோ-அவுட் ஆகவே முடிகிறது.

டயரைத் தின்பது எது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். உள்விளிம்பு தேய்ந்ததும் எல்லோரும் கேம்பரைக் குறை சொல்வார்கள். உண்மையில் ஒரு டிகிரி, ஒன்றேகால் டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு டோ சரியாக இருந்தால் டயர் நன்றாகவே உழைக்கும். டோ கெட்டால் வாழாது. கணக்கைப் பாருங்கள்: ஒரு சக்கரம் 0.2 டிகிரி திரும்பியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 50 கி.மீ. அந்த ஒரு பயணத்தில் சுமார் 175 மீட்டர் பக்கவாட்டுத் தேய்ப்பு. கேம்பர் பாரத்தை உள்விளிம்புக்குத் தள்ளுகிறது, டோ அந்த விளிம்பைத் தரையில் உரசி எடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நாலாயிரம் கிலோமீட்டரில் கம்பி தெரிகிறது.

எனவே ஸ்பிரிங் மாட்டிய அன்றைக்கே டோவை மட்டுமாவது சரிசெய்யாமல் கடையை விட்டு எடுக்காதீர்கள். இது தற்காலிக அலைன்மென்ட். ஸ்பிரிங் இன்னும் படியவில்லை, அதனால் இந்த அளவு அப்படியே நிற்காது.

6. இரண்டாவது அலைன்மென்ட்: 300 முதல் 500 கி.மீ.க்குள்

புது ஸ்பிரிங்கும் மவுன்ட் ரப்பர்களும் படிய இரண்டு வாரம் சாதாரணமாக ஓட்டினால் போதும். அதன்பிறகு மறுபடி உயரம் அளங்கள். சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். இப்போது செய்வதுதான் உண்மையான அலைன்மென்ட். இரண்டு தடவைக்கும் சேர்த்து முதலிலேயே விலை பேசிவிடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன்: டயர் காற்று குளிர்ந்த நிலையில் சரியாக, பெட்ரோல் பாதி டேங்க், டிக்கி காலி. சக்கரத்தைத் தூக்கி டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது பணம் வீண். ரிம் வளைந்திருந்தால் அதையும் முதலில் தட்டி எடுக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது வரிசை இதுதான்:

நான்கு சக்கர அலைன்மென்ட் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முன் இரண்டை மட்டும் அளந்தால் பின் பீம் கோணலாக இருப்பது தெரியாது. பின்பக்கம் ஒருபுறம் நோக்கித் தள்ளினால், முன்பக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஸ்டியரிங் வீல் கோணலாகவே நிற்கும்.

வண்டியை முன்னும் பின்னும் உருட்டி ரிம் ஓட்டத்தை (சுழலும்போது ரிம் ஆடும் அளவை) கணக்கில் எடுத்த பிறகு, பானெட்டையும் டிக்கியையும் சில முறை அழுத்தி விட வேண்டும். சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வரட்டும்.

கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ நகரும். டோவை முடித்துவிட்டுக் கேம்பரைத் திருப்பினால் முதல் வேலை வீண். ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வைத்து, இரண்டு டை ராடையும் சரிபாதியாகத் திருப்ப வேண்டும். ஒரே பக்கத்தைத் திருப்பி மொத்த டோவைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. பிரிண்ட் பச்சையாக (அனுமதித்த அளவுக்குள் என்று) வரும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

இ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரால் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நேராகப் போகும்போதே வண்டி திரும்புவதாக எண்ணி இ.எஸ்.பி. தேவையில்லாமல் குறுக்கிடலாம். கண்ணாடியில் கேமரா வைத்த புது வண்டிகளுக்கு அதன் காலிபரேஷனும் உண்டு. ஹெட்லைட் குறியையும் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் அதிகமாக இறங்கியிருந்தால் வெளிச்சம் மூக்கருகே விழும், மாலை மூடுபனியில் வளைவின் விளிம்பு தெரியாது.

7. என்ன அளவுக்கு வைக்கச் சொல்வது

கம்பெனி அளவுப் பட்டியலில் பச்சை வந்தால் போதும் என்று விடாதீர்கள். அந்தப் பட்டியலில் டோவுக்கு அனுமதித்த இடைவெளி பெரியது. அதன் ஓரத்தில் நின்றாலும் பச்சைதான் காட்டும். தாழ்த்திய வண்டிக்கு நடுவில் நிற்க வேண்டும்.

மலையில் அன்றாடம் ஓடும் வண்டிக்கு என் பரிந்துரை: முன் கேம்பர் மைனஸ் 0.8 முதல் மைனஸ் 1.3 டிகிரி, இரு பக்க வித்தியாசம் அரை டிகிரிக்குள். முன் மொத்த டோ பூஜ்யத்திலிருந்து 0.10 டிகிரி டோ-இன் வரை. டோ-அவுட் வேண்டவே வேண்டாம். வாரம் தவறாமல் கோவை, ஈரோடு என்று நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் கேம்பரை மைனஸ் 0.8 பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் மட்டும் ஓடுகிறவர்கள் கொஞ்சம் அதிக நெகட்டிவ் வைக்கலாம் என்பதற்குக் காரணம் உண்டு. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் முன் டயரின் பாதி வாழ்க்கை திரும்பிய நிலையிலேயே கழிகிறது. கொண்டை ஊசியில் வெளித்தோள்தான் பாரம் சுமக்கும். கம்பெனி உயரத்தில் ஓடும் மலை வண்டிகளில் அதனால்தான் வெளித்தோள் முதலில் தேய்கிறது. அளவான நெகட்டிவ் கேம்பர் அந்தத் தேய்மானத்தைச் சமன் செய்யும். சமவெளியில் எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே மலைக்குக் கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம்.

பிரிண்டை வாசிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சில மெஷின்கள் டிகிரியைத் தசமத்தில் காட்டும், சில டிகிரி-நிமிடத்தில் காட்டும். 0 டிகிரி 30 நிமிடம் என்பது அரை டிகிரி, 0.30 டிகிரி இல்லை. இரண்டு பிரிண்ட்களை ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். டோவை மில்லிமீட்டரில் காட்டும் மெஷினும் உண்டு. நம் அளவு டயரின் விட்டம் சுமார் 600 மி.மீ., அந்த விட்டத்தில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 0.1 டிகிரி.

8. கேம்பர் அளவுக்கு வரவில்லை என்றால்

ஸ்ட்ரட் கீழே இரண்டு போல்ட்டால் பிடித்திருக்கும் வண்டிகளில் (ஸ்விஃப்ட், ஐ20 போல) மேல் துளையில் கேம்பர் போல்ட் போடலாம். மையம் தள்ளிய அந்தப் போல்ட்டைத் திருப்பினால் பொதுவாக ஒன்றரை டிகிரி வரை திருத்தம் கிடைக்கும். அந்தப் போல்ட்டின் தண்டு ஒல்லியானது, பிடிமானம் குறைவு. அதற்கென்று சொன்ன டார்க்கில் இறுக்கி, போல்ட் தலையிலும் ஸ்ட்ரட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். 100 கி.மீ. கழித்து மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கோடு விலகியிருந்தால் நழுவியிருக்கிறது என்று பொருள்.

போலோ போல ஸ்ட்ரட் குழாய் நக்கிளுக்குள் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) செருகி ஒரே போல்ட்டால் நெரிக்கப்படும் வண்டியில் இது நடக்காது. சப்ஃபிரேமை (லோயர் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) தளர்த்தி நகர்த்தினால் இரு பக்கமும் சமமாகும், மொத்தம் குறையாது. அதற்கு மேல் திருத்தம் வேண்டுமென்றால் மேலே கேம்பர் பிளேட் (ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்தி வைக்க உதவும் தட்டு) போட வேண்டும். அது குழிகளில் சத்தம் போடும். அந்த வண்டிகளை 25 மி.மீ.யோடு நிறுத்துங்கள் என்பேன்.

ஸ்ட்ரட்டை நெருப்பில் காய்ச்சி வளைத்துக் கேம்பர் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பின் டார்ஷன் பீமில் கேம்பரும் டோவும் தாழ்த்தியதால் அதிகம் மாறாது. முன்பே கோணல் இருந்தால் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

9. டயரைக் கையால் தடவிப் படியுங்கள்

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பி, டார்ச் அடித்து உள்விளிம்பைப் பாருங்கள். சின்ன ஆழமானியால் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் அளந்து தேதியோடு எழுதுங்கள். 2,000 கி.மீ.யில் உள்ளுக்கும் வெளிக்கும் 1 மி.மீ. வித்தியாசம் வந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கக் கூடாது.

பிறகு உள்ளங்கையை டிரெட் (டயரின் தரையில் படும் பரப்பு) மேல் குறுக்காக நகர்த்துங்கள். வெளியிலிருந்து உள்ளே நகர்த்தும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பம் போல் குத்தவும் செய்தால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே போகும்போது குத்தினால் டோ-அவுட். இந்தச் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியும் முன்பே, சில நூறு கிலோமீட்டரிலேயே கைக்குத் தெரிந்துவிடும். சொரசொரப்பு எதுவும் இல்லாமல் உள்விளிம்பு மட்டும் ஒரே சீராகத் தேய்ந்தால் அது கேம்பர். இரண்டு முன் டயரிலும் வெளித்தோள் வழுவழுவென்று உருண்டிருந்தால் பெரும்பாலும் வளைவுகளின் வேலை, அலைன்மென்டைத் தொட வேண்டியதில்லை. குழி குழியாக இருந்தால் ஷாக் அல்லது பேலன்சிங்.

வீட்டிலேயே டோவைச் சரிபார்க்கவும் முடியும். சமதளக் கான்கிரீட் தரையில், இரு முன் டயரின் பின்புறம் ஹப் உயரத்தில் டிரெட்டின் நடுவே சாக்பீஸால் குறி போட்டு, இரண்டு பேர் டேப் பிடித்து இடைவெளியை அளங்கள். வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளுங்கள். அதே குறிகள் இப்போது முன்பக்கம் வந்திருக்கும், மறுபடி அளங்கள். முன் அளவு குறைவாக இருந்தால் டோ-இன், அதிகமாக இருந்தால் டோ-அவுட். அதே குறியை இரண்டு முறையும் அளப்பதால் ரிம் வளைவின் பிழை வராது. பெரிய குழியில் விழுந்தபின் கடைக்குப் போக வேண்டுமா என்று தீர்மானிக்க இது போதும்.

10. காற்று

மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் காற்று அடித்துக்கொண்டு, 12 டிகிரி குளிரில் இருக்கும் ஊட்டிக்கு வந்தால் குளிரால் மூன்று பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையும். அதேசமயம் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூட்டிக் காட்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டும். ஆனால் ஏறி வந்த சூட்டில் அளந்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை, வண்டி எடுக்கும் முன் அளப்பதுதான் சரியான அளவு. காற்று குறைந்தால் இரண்டு தோளும் தேயும், அலைன்மென்ட் கோளாறு என்று தவறாகப் புரிந்துகொள்வோம்.

11. செலவு

கடைக்குக் கடை மாறும், ஆனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய உத்தேசக் கணக்கு இது:

- தரமான லோயரிங் ஸ்பிரிங் நான்கு: ரூ. 20,000 – 35,000
- மாட்டும் கூலி: ரூ. 3,000 – 6,000
- மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்: ரூ. 3,000 – 6,000
- கேம்பர் போல்ட் ஜோடி: ரூ. 2,000 – 5,000
- அலைன்மென்ட், ஒவ்வொரு முறைக்கும்: ரூ. 600 – 1,200
- நான்கு வீல் பேலன்சிங், எடையோடு: ரூ. 500 – 1,000

15 அங்குல டயர் இரண்டு ரூ. 10,000க்கு மேல் வரும். இரண்டாவது அலைன்மென்டின் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பவர்கள் அந்தப் பத்தாயிரத்தைத்தான் செலவு செய்கிறார்கள். கேம்பருக்குத் தனிக் கூலி வாங்குவார்கள், பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

12. அதன்பிறகு

டயர்களை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். சமவெளிக்காரர்கள் 10,000 வரை விடுவார்கள், இறக்கத்தில் பிரேக்கும் வளைவும் முன் டயரிலேயே விழும் நமக்கு அது அதிகம். ஒரே திசையில் சுழலும்படி அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் அதே பக்கத்திலேயே முன்பின் மாற்ற வேண்டும், குறுக்காக மாற்றக் கூடாது.

அலைன்மென்டை வருடத்துக்கு இரண்டு முறை சரிபாருங்கள். ஒன்று தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் செப்டம்பர் இறுதியில், இன்னொன்று வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஜனவரியில். சாலையில் குழிகள் அதிகம் விழும் மாதங்கள் அப்போது முடிந்திருக்கும். டை ராட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், சப்ஃபிரேம் இவற்றில் எதைத் தொட்டாலும் கிலோமீட்டர் பார்க்காமல் அன்றைக்கே செய்ய வேண்டும்.

டிரெட்டின் பள்ளத்தில் இருக்கும் தேய்மானக் குறியின் உயரம் 1.6 மி.மீ. சட்டப்படி அதுவரை ஓட்டலாம். ஆனால் அது பள்ளங்களின் நடுவில் இருப்பதால் உள்தோளின் நிலையைக் காட்டாது. தாழ்த்திய வண்டியில் உள்விளிம்புப் பள்ளத்தில் 3 மி.மீ. வந்ததும் டயரை மாற்றிவிடுங்கள், நடுவில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. மாற்றும்போது ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து, ஒரே பிராண்டு, ஒரே மாடலாக வாங்குங்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த டயர் என்றால் வேறு கேளுங்கள். பழைய டயரைக் கழற்றியதும் திருப்பிப் போட்டு உள்விளிம்பைப் போட்டோ எடுத்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த அலைன்மென்டுக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.